ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டி வந்தால்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று நம் பக்கத்தில் எந்த வீட்டை எடுத்தாலும் எப்போதாவது ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டி வந்துவிடுகிறது. சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருப்பவருக்குச் சம்பளம் நிற்கிறது, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, பிள்ளைக்கு வேலை விண்ணப்பம், நண்டு வாங்கும் வெளியூர்க் கம்பெனிக்கு விலை சொல்ல வேண்டும். நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். அங்கே கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு கடிதத்தைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுக்கிறார்கள்.

என் மாமாவுக்கு வளைகுடாவில் நின்றுபோன சம்பளத்துக்காக அப்படி ஒரு கடிதம்தான் போனது. பக்கம் முழுக்க மரியாதை இருந்தது. எந்த மாதச் சம்பளம், எவ்வளவு, எந்தக் கணக்கில் போட வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. ‘உங்கள் கோரிக்கை என்ன?’ என்று அங்கிருந்து திருப்பிக் கேட்டார்கள். அதற்குள் விசா முடியும் தேதி நெருங்கிவிட்டது. பிறகு நானே உட்கார்ந்து எழுதினேன். அக்கம்பக்கத்தாருக்கும் எழுதிக் கொடுத்து, வரும் பதில்களைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

உங்கள் ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது ஒரே வாசிப்பில் புரிய வேண்டும். அதை மறைக்கிற வழக்குத் தொடர்களைத் தள்ளிவிட்டு, வெளிப்படுத்துகிற தொடர்களைப் பழகிக்கொண்டால் போதும்.

1. ஆங்கிலம் தேவைதானா என்று முதலில் பாருங்கள்

ஆட்சியர் அலுவலகம், தாலுகா அலுவலகம், மீன்வளத்துறை, மின்வாரியம் இவற்றுக்கெல்லாம் தமிழிலேயே எழுதுங்கள். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவை ஆங்கிலத்தில் அடிக்கக் காசு செலவழிக்க வேண்டாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் அப்படித்தான். அந்தச் சட்டத்தின் 6(1) பிரிவு ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி மூன்றில் எதிலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும்.

ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் வெளிநாட்டுக் கம்பெனி, தூதரகம், வெளிமாநிலத்தில் இருக்கும் வங்கித் தலைமை அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், ஏற்றுமதி வியாபாரம், வெளிமாநிலக் கல்லூரி. இனி வரும் படிகள் அவற்றுக்காக.

2. எழுதும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் பாஸ்போர்ட். பெயரை அதில் இருக்கிற எழுத்து வரிசையில் அப்படியே எழுதுங்கள். நமக்கு இனிஷியல் போட்டுப் பழக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியலாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே ஆள் என்று தெரியாது. வெளிநாட்டுக் கடிதம் என்றால் பாஸ்போர்ட் பெயர், வங்கிக் கடிதம் என்றால் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயர். இரண்டும் வேறாக இருந்தால், ‘மை நேம் அப்பியர்ஸ் இன் மை பேங்க் ரெக்கார்ட்ஸ் ஆஸ்’ என்று ஒரு வரி எழுதி, அந்தப் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

ஊர்ப் பெயரும் அதே மாதிரிதான். கீழக்கரையைச் சிலர் இரண்டு ஈ போட்டு எழுதுகிறார்கள், சிலர் ஒற்றை ஐ போட்டு. ராமேஸ்வரத்தில் எஸ்ஸுக்குப் பிறகு ஹெச் வருமா வராதா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ராமநாதபுரத்தைச் சில பெரியவர்கள் இன்னும் ராம்நாடு என்றே எழுதுவார்கள். பேச்சில் எதுவும் சரி. கடிதத்தில் உங்கள் பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். பின்கோடை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எண்கள்: கணக்கு எண், ஒப்பந்த எண், வேலை அட்டை எண், முன்பு அனுப்பிய கடிதத்தின் தேதி, அவர்கள் கொடுத்த புகார் எண். தொகையை அந்த நாட்டுப் பணத்திலேயே எழுதுங்கள். சான்றிதழ்களுக்கு நகல் மட்டும். மூலத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னால், ஏன் என்று எழுத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. தலைப்பும் முதல் வரியும்

மின்னஞ்சலின் தலைப்பு வரியில் ‘ரெக்வெஸ்ட்’ என்றோ ‘அர்ஜென்ட்’ என்றோ மட்டும் போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். ‘அன்பெய்ட் சாலரி, மார்ச் அண்ட் ஏப்ரல் 2025, எம்ப்ளாயி நம்பர்’ என்று எழுதி எண்ணைப் போடுங்கள். விஷயம், காலம், எண் மூன்றும் தலைப்பிலேயே இருந்தால் கடிதம் சரியான மேசைக்குப் போகும்.

விளிப்பு: இந்தியாவுக்குள் ‘ரெஸ்பெக்டட் சார்’ பரவாயில்லை. வெளிநாட்டுக்கு ‘டியர் சார் ஆர் மேடம்’ போதும். பெயர் தெரிந்தால் ‘டியர் மிஸ்டர்’ அல்லது ‘டியர் மிஸ்’ போட்டுப் பெயரை எழுதுங்கள். ‘டியர் சார்’ என்று தொடங்கினால் முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’, பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் மேற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது.

‘மைசெல்ஃப்’ என்று தொடங்கி உங்கள் பெயரைச் சொல்வது பேச்சுக்குக்கூட வேண்டாம். ‘மை நேம் இஸ்’ அல்லது ‘ஐ ஆம்’. அடுத்த வரியை ‘ஐ ஆம் ரைட்டிங் டு’ என்று தொடங்குங்கள். எனக்கு மிகப் பிடித்த தொடர் இது. இதற்குப் பிறகு ஒரு வினைச்சொல் வந்தே ஆக வேண்டும் என்பதால், எதற்காக எழுதுகிறோம் என்று அது நம்மைச் சொல்ல வைத்துவிடும். ‘ஐ ஆம் ரைட்டிங் டு க்ளெயிம்’, ‘ஐ ஆம் ரைட்டிங் டு ரிப்போர்ட்’, ‘ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபார்’.

பழைய கடிதத்தைக் குறிக்க ‘வித் ரெஃபரன்ஸ் டு’ அல்லது ‘வித் ரிகார்ட் டு’. இந்த ‘ரிகார்ட்’ ஒருமைதான். எஸ் சேர்த்தால் அது நலம் விசாரிக்கிற சொல், கடிதத்தின் கடைசியில் வருவது.

4. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

பெரும்பாலான கடிதங்கள் இங்கேதான் கவிழ்கின்றன. நம் ஊரில் அடித்துக் கொடுக்கும் கடிதங்களில் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ இல்லாத கடிதம் அபூர்வம். இந்திய அலுவலகங்களில் இது புரியும், தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ‘ஆவன செய்க’ என்று சொன்னால், ஆவது எது என்று முடிவு செய்கிற வேலையை எதிராளியிடம் கொடுத்துவிடுகிறோம். பணம் தர விருப்பமில்லாத கம்பெனிக்கு அதைவிட வசதி வேறில்லை.

அதற்குப் பதில் மூன்று வரி எழுதுங்கள். ‘மை சாலரி ஃபார் மார்ச் அண்ட் ஏப்ரல் 2025 ஹேஸ் நாட் பீன் பெய்ட். தி டோட்டல் அமவுண்ட் இஸ் 3,600 ரியால்ஸ். ப்ளீஸ் ட்ரான்ஸ்ஃபர் திஸ் அமவுண்ட் டு மை அக்கவுண்ட் பை 20 ஜூன் 2025.’ இதில் பணிவு குறையவில்லை, ‘ப்ளீஸ்’ இருக்கிறது. ஆனால் மறுத்தால் எதை மறுக்கிறோம் என்று அவர்கள் எழுத வேண்டி வரும். அந்த மறுப்புக் கடிதம் பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

‘கைண்ட்லி’, ‘ப்ளீஸ்’ இரண்டில் ஒன்று போதும். ‘கைண்ட்லி ப்ளீஸ்’ வேண்டாம். ‘ஐ ரெக்வெஸ்ட் யூ டு’ சரி. ‘ஐ ரெக்வெஸ்ட் ஃபார்’ தவறு, ‘ரெக்வெஸ்ட்’ வினையாக வரும்போது பின்னால் ‘ஃபார்’ வராது. ‘யுவர் குட் செல்ஃப்’ என்பதை அடியோடு எடுத்துவிடுங்கள்.

‘ஃபார் யுவர் கைண்ட் இன்ஃபர்மேஷன்’ என்பதை நாம் மரியாதைக்கு எழுதுகிறோம். படிப்பவருக்குப் பல சமயம் அது ‘உனக்குத் தெரியாதா, கேட்டுக்கொள்’ என்கிற தொனியில் போய்ச் சேர்கிறது. ‘ப்ளீஸ் நோட் தட்’ என்றால் போதும்.

பதில் வேண்டும் என்பதற்கு ‘ப்ளீஸ் ரிவர்ட்’, ‘ரிவர்ட் பேக்’ என்றெல்லாம் எழுதுகிறோம். ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. பதில் எழுதுவது என்ற பொருள் நம் நாட்டு வழக்கத்தில் வந்தது. ‘ப்ளீஸ் ரிப்ளை பை’ என்று தேதி போடுங்கள். ‘கைண்ட்லி அக்னாலெட்ஜ் தி சேம்’ என்பதில் எந்த ‘சேம்’ என்று தேட வேண்டியிருக்கும். ‘ப்ளீஸ் கன்ஃபர்ம் தட் யூ ஹேவ் ரிசீவ்டு திஸ் லெட்டர்’ என்றால் குழப்பமில்லை.

இன்னொரு பொறி ‘டவுட்’. சந்தேகம் கேட்பது நமக்கு இயல்பு. ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் மை சாலரி கால்குலேஷன்’ என்று எழுதினால், கணக்கில் ஏமாற்று இருக்கிறது என்று நீங்கள் சொல்வதாக வெளிநாட்டவர் படிக்கக்கூடும். விளக்கம் கேட்பதுதான் நோக்கம் என்றால் ‘ஐ ஹேவ் எ க்வெஸ்சன்’.

வங்கிக்கு எழுதும்போது சொல்லைக் குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் ‘ஐ டிட் நாட் ஆதரைஸ் திஸ் ட்ரான்சாக்ஷன்’. நீங்களே தவறான எண்ணுக்கு அனுப்பியிருந்தால் ‘ஐ ட்ரான்ஸ்ஃபர்டு திஸ் அமவுண்ட் டு எ ராங் அக்கவுண்ட்’. வங்கி இந்த இரண்டையும் வேறுவேறு வழியில் கையாளும். ‘மை மனி இஸ் லாஸ்ட்’ என்று மட்டும் எழுதினால் எந்த வழியில் போவது என்று கேட்டே நாள் போய்விடும். தெரியாமல் போன பணத்துக்கு நேரம் மிக முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வங்கி, வாடிக்கையாளர் இருவர் பக்கமும் தவறில்லாமல் வேறொருவரால் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் வரை ஒரு வரம்புக்குள் நஷ்டம் ஏற்க வேண்டி வரும். எனவே முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் போன் செய்யுங்கள், கடிதம் அதே நாளில்.

5. தேதியும் காலமும்

நம்மிடம் ‘வரை’, ‘க்குள்’ என்று தெளிவாகப் பிரித்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டையும் ‘டில்’ என்று போட்டுவிடுகிறோம். மீன்பிடித் தடைக்காலத்தை வைத்துப் பாருங்கள். நம் கடற்கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ‘விசைப்படகுகள் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாது’ என்பதற்கு ‘அன்டில் 14 ஜூன்’. ‘ஜூன் 30-க்குள் சரக்கு அனுப்புகிறோம்’ என்பதற்கு ‘பை 30 ஜூன்’. இங்கே ‘அன்டில் 30 ஜூன்’ என்று எழுதினால், முப்பதாம் தேதி வரை தினமும் சரக்கு வரும் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார்.

கடைசி நாள் கணக்கில் சேருமா சேராதா என்ற தகராறு வரும் இடங்களில் ‘போத் டேஸ் இன்க்ளூசிவ்’ என்று சேர்த்துவிடுங்கள். ‘ஃப்ரம் 15 ஏப்ரல் டு 14 ஜூன், போத் டேஸ் இன்க்ளூசிவ்.’ விடுப்புக் கடிதத்துக்கும் இது நன்றாக உதவும்.

‘சின்ஸ் டூ இயர்ஸ்’ தவறு. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார் டூ இயர்ஸ்’, எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ் 2023’. கூடவே வினை ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று வரும். ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ்’ வராது. ‘டுடே மார்னிங்’ இல்லை, ‘திஸ் மார்னிங்’. ‘ப்ரீபோன்’ நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவருக்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதுவது பாதுகாப்பு.

தேதியை எண்ணாக எழுதாதீர்கள். 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் இருப்பவருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் போடுங்கள். ‘வித்தின் 3 வொர்க்கிங் டேஸ்’ என்று எழுதும் முன் அவர்களுக்கு எது வேலை நாள் என்று பாருங்கள். சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைனில் பொதுவாக வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். நம் வியாழன் மாலை அனுப்பும் கடிதம் பெரும்பாலும் அடுத்த ஞாயிறோ திங்களோதான் திறக்கப்படும். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதியும் கத்தாரும் இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்களுடைய வாரத்தின் முதல் நாள் காலை, நம் நேரம் பத்தரை, பதினொன்று வாக்கில் அனுப்புவது நல்லது.

6. கையெழுத்துப் போடும் முன் நின்று படிக்க வேண்டிய தொடர்கள்

மேலே சொன்னவற்றில் பிழை வந்தால் நாள் வீணாகும். இங்கே பிழை வந்தால் பணமே போய்விடும். பெரும்பாலும் நீங்கள் எழுதுவதாக இருக்காது, அவர்கள் அடித்துக் கொடுத்ததில் கையெழுத்துக் கேட்பார்கள். சபராளிகள் இருக்கும் வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

‘இன் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’: எனக்கு வர வேண்டியது அத்தனையும் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பொருள். பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு இந்தத் தாளை நீட்டுவது உண்டு. வாங்கிய தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுவதென்றால் ‘ரிசீவ்டு ஆஸ் பார்ட் பேமென்ட்’ என்று உங்கள் கையாலேயே எழுதித் தொகையையும் எழுதுங்கள். ‘வித்அவுட் ப்ரெஜுடிஸ் டு மை ரைட் டு க்ளெயிம் தி பேலன்ஸ்’ என்று சேர்த்தால், மீதியைக் கேட்கும் உரிமையை நான் விடவில்லை என்று பதிவாகும். இதற்கு எவ்வளவு பலம் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. தொகை பெரிதென்றால் தூதரகத்திலோ வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

‘நோ ட்யூஸ்’: ‘நான் கம்பெனிக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை’ என்பதற்கான சான்று. கம்பெனி எனக்குத் தர வேண்டியது இல்லை என்று அதே தாளில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். நம் சம்பளப் பாக்கியைக் குறிக்க ‘ட்யூஸ்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘அன்பெய்ட் சாலரி’ என்றே எழுதுவதும் இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

‘வாலன்டரிலி ரிசைன்டு’: நானாக விருப்பப்பட்டு விலகினேன். கம்பெனி நீக்கியிருந்தால் அந்தச் சொல் ‘டெர்மினேட்டட்’. இரண்டுக்கும் கிடைக்கும் பலன்கள் பல நாடுகளில் வேறுபடும். நீக்கியவரிடம் ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னால், அதை நயமான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் அவசரத்தில் இறங்காதீர்கள்.

‘இன் லியூ ஆஃப் நோட்டீஸ்’: நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாக. பலர் இதை ‘முன்னிட்டு’ என்று புரிந்துகொண்டு கடிதங்களில் எழுதுகிறார்கள். ‘இன் லியூ ஆஃப் மை ஃபாதர்ஸ் இல்னெஸ்’ என்று எழுதினால், அப்பாவின் நோய்க்குப் பதிலாக எனக்கு விடுப்புக் கொடுங்கள் என்று ஆகும். முன்னிட்டு என்பதற்கு ‘இன் வியூ ஆஃப்’ அல்லது நேராக ‘பிகாஸ் ஆஃப்’.

‘ஃபைனல் எக்சிட்’, ‘எக்சிட் ரீ-என்ட்ரி’: சவுதிக்குப் போனவர்களுக்குத் தெரியும், புதிதாகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். விடுப்பில் வந்து திரும்பிப் போக ‘எக்சிட் ரீ-என்ட்ரி’. ‘ஃபைனல் எக்சிட்’ அடித்தால் அந்த விசாவில் திரும்ப முடியாது. விடுப்புக் கடிதத்தில் ‘ஐ ஆம் லீவிங்’ என்று எழுதுவதும் ஆபத்து, அது கம்பெனியை விட்டே போகிறேன் என்றும் படிக்கப்படும். ‘ஐ ரெக்வெஸ்ட் ஆன்யுவல் லீவ் ஃப்ரம்’ என்று தொடங்கி, திரும்பும் தேதியைக் கட்டாயம் எழுதுங்கள்: ‘ஐ வில் ரிட்டர்ன் டு வொர்க் ஆன்.’

‘ஐ அண்டர்டேக் டு’: உறுதி அளிக்கிறேன். கடன், வேலை, கல்லூரி ஆவணங்களில் இந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு வருவது அத்தனையும் உங்கள் பொறுப்பு. நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியாத தகவலுக்கு ‘டு தி பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அரபியில் இருக்கும் தாளில் ஆங்கிலம் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தாலும், அந்த நாடுகளின் நீதிமன்றங்களில் பொதுவாக அரபிதான் பார்க்கப்படும். அரபி தெரிந்த காக்கா (அண்ணன்) யாரையாவது உடன் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

7. வியாபாரக் கடிதம் என்றால்

கணவாய் என்று சொன்னால் நமக்குள் புரியும். ஆங்கிலத்தில் ஓட்டுக் கணவாய் ‘கட்டில்ஃபிஷ்’, ஊசிக் கணவாய் ‘ஸ்க்விட்’. இரண்டுக்கும் விலை வேறு. எதற்கு விலை சொல்கிறோம் என்று எழுதாமல் விட்டால் லாரி போய்ச் சேர்ந்த பிறகுதான் சண்டை வரும். லட்சம் என்பதை வெளிநாட்டவருக்கு நூறாயிரமாக, 100,000 என்று காற்புள்ளி போட்டு எழுதுங்கள்.

விலை மாறக்கூடும் என்பதற்கு ‘சப்ஜெக்ட் டு சேஞ்ச்’. அதோடு நிறுத்தாமல் எதுவரை இந்த விலை என்று ‘வேலிட் அன்டில்’ போட்டுத் தேதி எழுதுங்கள். போனில் பேசி முடித்ததை அன்றே ‘ஆஸ் டிஸ்கஸ்டு ஓவர் தி ஃபோன் டுடே’ என்று தொடங்கி, பேசிய எடையும் விலையும் எழுதி அனுப்பிவிடுங்கள். கருவாட்டு வியாபாரம் செய்யும் அக்காமார்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இந்த ஒரு தொடரைத்தான். வாய்ப்பேச்சு அதிலே எழுத்தாகிவிடும்.

8. கண்ணில் படும் சின்னப் பிழைகள்

இவற்றால் யாருடைய பணமும் போகாது. ஆனால் வேலை விண்ணப்பத்தில் இருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

‘டிஸ்கஸ் அபவுட்’ இல்லை, ‘டிஸ்கஸ்’. ‘ரிட்டர்ன் பேக்’ இல்லை, ‘ரிட்டர்ன்’. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ இல்லை, ‘ஃப்ரெண்ட்ஸ்’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ இல்லை, ‘ஐ ஹேவ்’. கல்லூரி முடித்ததற்கு ‘பாஸ்டு அவுட்’ என்று வெளிநாட்டுக்கு எழுத வேண்டாம், அங்கே அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமா இன் 2022’ என்று எழுதுங்கள். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பதற்கு ‘அவே’. இணைப்பு இருந்தால் ‘ஐ ஹேவ் அட்டாச்டு’ என்று தொடங்கி என்னென்ன என்று பெயர் சொல்லுங்கள். ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு’ என்பதை ‘பி.எஃப்.ஏ.’ என்று சுருக்க வேண்டாம். கடைசி வரி ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. இந்த ‘டு’வுக்குப் பிறகு ‘ஹியர்’ வராது, ‘ஹியரிங்’தான்.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழைப் போட்டு ஆங்கிலம் எடுப்பதில் தவறில்லை, நானும் செய்கிறேன். பெயர், தேதி, தொகை, ‘இல்லை’ என்ற சொல் நான்கையும் மட்டும் விரல் வைத்துச் சரிபாருங்கள். வாக்கியத்தைச் சின்னதாக வெட்டிக் கொடுத்தால் பிழை குறைகிறது.

9. செலவு, அனுப்புதல், நினைவூட்டு

மின்னஞ்சலுக்குச் செலவில்லை. சென்டரில் அடிக்கப் பக்கக் கணக்கில் வாங்குவார்கள். உட்காரும் முன்பே விலை கேளுங்கள். உங்கள் மின்னஞ்சலில் இருந்தே அனுப்பச் சொல்லுங்கள், அவர்கள் மின்னஞ்சலில் இருந்து போனால் பதிலும் அங்கேதான் வரும். முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்து வெளியேறிவிட்டீர்களா என்று பாருங்கள். உள்நாட்டுத் தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட். பழைய ரிஜிஸ்டர்டு தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது. ரசீதில் இருக்கும் எண்ணை வைத்து, போய்ச் சேர்ந்த தேதியை இணையத்தில் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

சொன்ன தேதிக்குள் பதில் வரவில்லை என்றால் புதிதாக எழுதாதீர்கள். அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே ‘திஸ் இஸ் எ ரிமைண்டர் ஆஃப் மை லெட்டர் டேட்டட்’ என்று தொடங்கி, பழைய தேதி, தொகை, புதிய கெடு மூன்றையும் எழுதுங்கள். கோபச் சொல் வேண்டாம். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்: ‘இஃப் ஐ டூ நாட் ரிசீவ் எ ரிப்ளை பை’ என்று தேதி போட்டு, ‘ஐ வில் ஃபைல் எ கம்ப்ளெய்ன்ட் வித் தி இந்தியன் எம்பஸி.’ சொன்னால் செய்யுங்கள்.

வெளிநாட்டு வேலைப் புகாருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளம் இருக்கிறது, கட்டணம் இல்லை. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் இவற்றின் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வங்கிப் புகாருக்கு முதலில் வங்கியிடமே எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் முறையிடலாம், அதற்கும் கட்டணம் இல்லை. வங்கிக்கு நீங்கள் ஏற்கெனவே எழுதியதற்கான ஆதாரத்தை அங்கே கேட்பார்கள். அனுப்பிய கடிதம், ரசீது, புகார் எண், வந்த பதில் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கவரில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.